யாரும் பொறுப்பேற்காத நாணயத்துக்கு ஆயுள் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 2021-இல் சிறுகச் சிறுக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கி, வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே (நாணயங்களை வாங்கி விற்க உதவும் நிறுவனத்திலேயே) வைத்திருக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் இருபது ஆண்டுகள் தொடாமல் அவளுக்காக விட்டுவைக்க எண்ணுகிறேன். "பின்னால் ஒரு வங்கியோ அரசோ இல்லாத காசு எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று மனைவி கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிட்காயின் வலைப்பின்னல் எவ்வளவு காலம் இயங்கும் என்பது ஒன்று. உங்கள் பங்கு எவ்வளவு காலம் உங்கள் கையில் இருக்கும் என்பது மற்றொன்று. என் அனுபவத்தில் பலரும் முதலாவதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இரண்டாவதில் பணத்தை இழக்கிறார்கள்.

பிட்காயினுக்கு முன்பே டிஜிட்டல் பணங்கள் வந்து போயின. டேவிட் சாம் தொடங்கிய டிஜிகேஷ் 1998-இல் திவாலானது. 1996-இல் தொடங்கிய ஈ-கோல்ட், அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் முடங்கியது. அவற்றுக்கெல்லாம் ஓர் அலுவலகம் இருந்தது. அந்தக் கதவுக்குப் பூட்டு விழுந்ததும் பணமும் நின்றது. 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் (கணக்கேட்டின் ஒரு பக்கம் போன்ற பரிவர்த்தனைத் தொகுப்பு) உருவான பிட்காயினில் அப்படிப் பூட்டுவதற்குக் கதவே இல்லை. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கேட்டின் முழுப் பிரதியைத் தம் கணினியில் வைத்துச் சரிபார்ப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் அதை உருவாக்கியவர் 2011-க்குப் பிறகு ஒதுங்கிவிட்டார்; அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

தடை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஒரு நல்ல சோதனை. அதுவரை மைனிங்கில், அதாவது கணக்குப் புதிரைக் கணினியால் விடுவித்துப் புதிய பிளாக் சேர்க்கும் தொழிலில், முதலிடத்தில் இருந்த சீனா அதைத் தடை செய்ததும், வலைப்பின்னலின் கணினித் திறனில் ஏறத்தாழ பாதி சில வாரங்களில் மறைந்துபோனது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரவேண்டிய பிளாக்குகள் தாமதமாயின. ஆனால் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை கணக்குப் புதிரின் கடினத்தைத் தானே திருத்திக்கொள்ளும் விதி மென்பொருளிலேயே இருப்பதால், அந்த ஜூலைத் தொடக்கத்தில் கடினம் சுமார் 28 சதவீதம் குறைந்தது; பிற நாடுகளில் இயந்திரங்கள் மீண்டும் இயங்கத் தொடங்க, ஆண்டு முடிவதற்குள் பழைய திறன் திரும்பிவிட்டது. ஓர் அரசு தடுத்தால் பிட்காயின் இறந்துவிடும் என்ற வாதத்தை அதன் பிறகு நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கேட்டைக் காவல் காக்கும் மைனிங் நிறுவனங்களுக்கு யார் கூலி கொடுப்பது? இன்று ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின் புதிதாக வழங்கப்படுகிறது; நாளொன்றுக்கு சுமார் 144 பிளாக் என்றால் 450 பிட்காயின். இந்தக் கூலி 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பாதியாகிறது. 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை பாதியாகிவிட்டது. உங்கள் மகளுக்கு முப்பது வயதைத் தாண்டும் காலத்தில், 2044 வாக்கில், அது ஒரு பிளாக்குக்கு பத்தில் ஒரு பிட்காயினுக்கும் சற்றுக் குறைவாக, நாளொன்றுக்கு 14 பிட்காயின் அளவுக்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் விலை இரட்டிப்பாகிக்கொண்டே போகாவிட்டால், மீதியைப் பரிவர்த்தனைக் கட்டணம்தான் ஈடுகட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் 8,40,000-ஆவது பிளாக்கில் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் கட்டணம் குவிந்தது என்பது உண்மை. ஆனால் அது ஒரு திருவிழாக் கூட்டம். சாதாரண நாளில் கட்டணம் மொத்தக் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

கூலி போதாவிட்டால் இயந்திரங்கள் நிறுத்தப்படும். இயந்திரங்கள் குறைந்தால், பாதிக்கு மேற்பட்ட திறனை வாடகைக்குப் பிடித்துக் கணக்கேட்டைத் திருத்துவது மலிவாகும். வேறு சிறிய நாணயங்களான பிட்காயின் கோல்டில் 2018-இலும், எதீரியம் கிளாசிக்கில் 2020-இலும் இது நடந்தே இருக்கிறது. விதியை மாற்றிச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். 2010 ஆகஸ்டில் ஒரு நிரல் பிழையால் 18,400 கோடிக்கு மேல் பிட்காயின் ஒரே பிளாக்கில் முளைத்தபோது, சில மணி நேரத்தில் திருத்தி அந்த பிளாக்கையே ஒதுக்கிவிட்டார்கள். அன்று பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2017-இல் ஒரு பிளாக்கின் அளவைப் பற்றிய சண்டையே பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயமாகப் பிரிந்து முடிந்தது. பணத்தை அனுப்ப இன்று பயன்படும் டிஜிட்டல் கையொப்பத்தை எதிர்காலக் குவாண்டம் கணினி உடைத்துவிடலாம் என்ற ஆபத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன்: புதிய கையொப்ப முறைகள் கைவசம் உண்டு, எல்லோரும் ஒப்புக்கொண்டு மாறுவதுதான் கடினம். பிளாக்கில் நேரத்தைப் பதியும் 32 பிட் எண்ணுக்கோ முடிவுத் தேதியே இருக்கிறது. 2106 பிப்ரவரியில் அது நிரம்பிவிடும். அதற்குள் விதியை மாற்றாவிட்டால் அதன் பிறகு ஒரு பிளாக்கும் சேராது. அதற்கு நிறையக் காலம் இருக்கிறது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆகவே, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பிட்காயின் ஏதோ ஒரு வடிவில் இயங்கும் என்றே கருதுகிறேன். ஆனால் இயங்குவது வேறு, விலைபோவது வேறு. 2011-இல் பிறந்த நேம்காயின் இன்றும் பிளாக் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? எனவே மகளின் கல்லூரிக் கட்டணத்தை இதில் வைக்காதீர்கள். முழுவதும் போனாலும் வீடு நிமிர்ந்து நிற்கக்கூடிய தொகை மட்டும் இதில் இருக்கட்டும்.

இனி உங்கள் பங்கு. இப்போது உங்களிடம் இருப்பது, கறாராகச் சொன்னால், பிட்காயின் அல்ல; எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மூழ்கியபோதும், 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோய் வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தபோதும், பிட்காயின் வலைப்பின்னல் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. இருபது ஆண்டுத் திட்டம் என்றால் சொந்த வாலட்டுக்கு (சாவியை உங்களிடமே வைக்கும் செயலி அல்லது கருவிக்கு) மாற்றிக்கொள்வதே நல்லது. வெளியே எடுக்க எல்லா எக்ஸ்சேஞ்சும் அனுமதிப்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

வாலட் உங்களுக்கு 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தரும். அவைதான் சாவி. அவற்றைப் புகைப்படம் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். மொத்தப் பட்டியலில் 2048 சொற்களே உள்ளதால், ஒரு சொல் மழைநீரில் கரைந்துபோனாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மீட்டுவிடலாம். நான்கைந்து சொற்கள் போனால் அநேகமாகக் கைகழுவ வேண்டியதுதான். இங்கே நாமினி கிடையாது, வாரிசுச் சான்றிதழுக்கு மதிப்பும் கிடையாது. எனவே தாள் எங்கே இருக்கிறது என்பது இன்றே உங்கள் மனைவிக்குத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய நாணய வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனையில் ஒரு சதவீத டிடிஎஸ்ஸும் நடைமுறைக்கு வந்தன. வாங்கிய விலையை மட்டுமே கழிக்க முடியும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதன் பொருள் புரியும்: 2021-இல் வாங்கியதற்கான ரசீது உங்களிடம் இருக்க வேண்டும், 2045-இல் அந்த எக்ஸ்சேஞ்ச் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. முழுப் பரிவர்த்தனைப் பட்டியலை இந்த வாரமே பதிவிறக்கி அச்செடுத்து வையுங்கள்.

அடுத்து, ஒரு சிறு தொகையை மட்டும் வாலட்டுக்கு அனுப்புங்கள். பிறகு வாலட்டை அழித்துவிட்டு, தாளில் எழுதிய சொற்களை உங்கள் மனைவியின் கையால் உள்ளிட்டு மீட்டுப் பாருங்கள். தொகை திரும்பத் தெரிந்தால் மீதியை அனுப்பலாம்.