பாட்டியின் முகம் ஏன் கறுத்தது? வீடியோ வண்ணம்: கேள்வி-பதில்

தைப்பூசம் முடிந்தால் சுங்கை சிப்புட்டில் எனக்குக் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான்.

காவடிப் படங்களை வீடியோவில் சேர்த்தால் மஞ்சளும் சிவப்பும் மங்குகின்றன. (தாப்பா)

கேமராவை அடோப் ஆர்ஜிபியில் (அதிக நிறங்களைக் கொள்ளும் ஒரு நிற முறை) வைத்து எடுத்திருப்பீர்கள். பல எடிட்டிங் மென்பொருள்கள் படத்தோடு வரும் புரொஃபைலை, அதாவது எந்த நிற முறை என்ற குறிப்பை, பார்ப்பதே இல்லை. முதலில் படங்களைத் திரைகளுக்கான வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். ‘கன்வர்ட்’ கொடுக்க வேண்டும், குறிப்பை மட்டும் மாற்றும் ‘அசைன்’ அல்ல. நகலில் செய்யுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

ரெண்டர் செய்தால் (எடிட் செய்ததை வீடியோ கோப்பாக்கினால்) கலர் மாறுகிறது. என்ன செய்ய? (பீடோர்)

எந்த மென்பொருள், எந்தத் திரை, வெளுத்ததா கறுத்ததா, ஒன்றுமே எழுதவில்லையே! விவரத்தோடு எழுதுங்கள், பதில் தருகிறேன்.

தோட்டத்தில் எடுத்த பழைய படங்களை வைத்துப் பாட்டிக்கு 80-ஆம் பிறந்தநாள் வீடியோ செய்தோம். கறுப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது. கடையில் காண்ட்ராஸ்ட்டைக் கூட்டினார்கள். பாட்டி முகம் கரியாகிவிட்டது. (தெலுக் இந்தான்)

வெளிச்சத்தை எண்ணால் சொன்னால், படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோவில் வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. இந்த இடைவெளிதான் வீச்சு. வீடியோவின் வீச்சை 0–255க்கு விரிக்காமல் காட்டினால் கறுப்பு சாம்பலாகும். முழு வீச்சில் உள்ளதை மறுபடி விரித்தால் நிழல் விவரம் அழியும். ஆக, கோளாறு வண்ணத்தில் இல்லை, வீச்சில். எக்ஸ்போர்ட்டில் ‘லிமிடெட்’ (16–235 வீச்சு) வைத்து, டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பும் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காண்ட்ராஸ்ட்டைக் கூட்டுவது மருந்தே இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! நம்மவர்கள் முகத்தின் விவரம் பெரும்பாலும் நிழல் பக்கம்தான் இருக்கிறது. காண்ட்ராஸ்ட் ஏறினால் முதலில் போவது கன்னத்துச் சுருக்கம்தான். அப்புறம் அதைச் சரிக்கட்ட முகத்தை வெளுக்க வைப்பார்கள். என் அம்மா படத்துக்கும் ஒரு கடையில் இதையே செய்தார்கள். விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர் அவர். திரையில் வந்ததோ பவுடர் அப்பிய யாரோ ஒரு அம்மாள். எனக்குத் தாங்கவில்லை. வீச்சைச் சரிசெய்தாலே பாட்டி பாட்டியாக வந்துவிடுவார். அசலைத் தொடாதீர்கள், 30 விநாடி மட்டும் ரெண்டர் செய்து டிவியில் பார்த்துவிட்டு முழுதும் செய்யுங்கள்.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கித் தெரிகிறது. (கோல சிலாங்கூர்)

வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் 4:2:0 முறையில் நாலு புள்ளிக்கு ஒரு நிற விவரம்தான் சேமிக்கப்படும். அதனால்தான் ஓரம் கலங்குகிறது. எழுத்தை வெள்ளையாக்குங்கள்.

போனில் சரி, டிவியில் மட்டும் நிறம் அடிக்கிறது. (ஈப்போ)

டிவி ‘விவிட்’ மோடில் இருக்கும். ‘மூவி’ மோடுக்கு மாற்றிப் பாருங்கள். வீடியோவில் கை வைக்காதீர்கள்.

எச்டியில் செய்ததை டிவிடியில் போட்டால் செம்பனைப் பச்சை வேறாகத் தெரிகிறது. (பீடோர், இன்னொருவர்)

நிறத்தைக் கணக்கிடும் தரமுறை எச்டிக்கு ரெக் 709, டிவிடிக்கு ரெக் 601. மென்பொருளில் டிவிடிக்கான பிரீசெட்டை (தயார் அமைப்பை) எடுத்தால் பெரும்பாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். இதற்கும் 30 விநாடி சோதனை, மறக்க வேண்டாம்.