ரசிகர் செய்த ஃப்ரீஸ்பேஸ் மிஷனைச் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டு வெளிவந்தது 1999இல். மிஷன் (விளையாட்டில் ஒரு தனிப் போர்ப்பணி) செய்ய ஃப்ரெட் என்ற எடிட்டரும் அதனுடனேயே வந்தது. 2002இல் மூலநிரல் வெளியானதிலிருந்து ரசிகர்கள் இன்றுவரை புது மிஷன்கள் செய்துவருகிறார்கள். அவற்றை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்வது பற்றி ராமநாதபுரம் கரையோர நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

மண்டபம்: அண்ணே, நண்பன் ஒரு மிஷன் அனுப்பியிருக்கான். ஒரு தடவை ஆடிட்டு கருத்து சொன்னா போதுமா?

போதாது. குறைந்தது நான்கு தடவை ஆட வேண்டும். முதல் தடவை மீடியம் என்ற நடுத்தரக் கடின நிலையில், நண்பரிடம் எதுவும் கேட்காமல், எடிட்டரில் திறந்து பார்க்காமல் ஆடுங்கள். ஒன்றும் தெரியாத ஆட்டக்காரராக இருக்கும் வாய்ப்பு உங்களுக்கு ஒரே தடவைதான். எந்த இடத்தில் "இப்ப என்ன செய்யணும்?" என்று முழித்தீர்களோ, அந்த நேரத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை சொன்ன பேச்சைக் கேட்காதீர்கள். காக்கச் சொன்ன கப்பலை விட்டுவிட்டு 10 கிலோமீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். மூன்றாம் தடவை மிக எளிதான வெரி ஈஸி நிலையில் ட்ரெபுஷே போன்ற நெடுந்தூர ஏவுகணை எடுத்து, எதிரிகளை வந்த வேகத்திலேயே முடித்துவிடுங்கள். நான்காவது தடவை மிகக் கடினமான இன்சேன் நிலையில். மிஷன் செய்தவர் தான் நினைத்த வழியிலேயே நூறு முறை ஆடியிருப்பார். அவர் நினைக்காத வழியில் ஆடிக் காட்டத்தான் நீங்கள் தேவை.

பாம்பன்: பாலம் திறக்கும்போது படகுகள் வரிசை கட்டிப் போற மாதிரி, 6 சரக்குக் கப்பல் ஒரு நிலையத்து வாசல் வழியா ஒவ்வொண்ணா போற மிஷன் செஞ்சேன். எனக்குச் சரியா ஓடுது. மத்தவங்களுக்கு மிஷன் முடியவே மாட்டேங்குதாம். ஏன்?

இரண்டு இடத்தில் தேடுங்கள்.

முதலாவது, மிஷனை முடிக்கும் நிகழ்வு (ஃப்ரெட்டில் "இது நடந்தால் அது நடக்கட்டும்" என்று எழுதும் விதி) எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். "இஸ் டிஸ்ட்ராய்ட் டிலே" என்ற நிபந்தனை என்றால் எதிரி அழிந்தே ஆக வேண்டும். அவன் அழியாமல் தாவி ஓடிவிட்டால் (களத்தை விட்டே மறைந்துவிட்டால்) அந்த நிபந்தனை நிரந்தரமாகப் பொய்யாகிவிடும். எல்லா நிபந்தனையும் உண்மையாக வேண்டும் என்னும் "அண்ட்" என்பதற்குள் அது இருந்தால் முழு நிகழ்வும் செத்துவிடும், அடுத்த செய்தி வரவே வராது. அதற்குப் பதில், அழிந்தாலோ போய்விட்டாலோ போதும் என்னும் "டிஸ்ட்ராய்ட் ஆர் டிபார்ட்டட் டிலே" போடுங்கள். உங்கள் சரக்குக் கப்பல்களுக்கும் இதே கதிதான். 6 கப்பலும் பாதைப்புள்ளிகளை முடித்தால்தான் அடுத்த கட்டம் என்று வைத்திருந்தால், ஒரே ஒரு கப்பல் வழியில் அழிந்தாலும் அந்த நிபந்தனை இனி உண்மையாகாது. நீங்கள் ஆடும்போது ஒரு கப்பலையும் இழப்பதில்லை, அதனால் இது உங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, மோதல். 6 கப்பலுக்கும் ஒரே பாதை கொடுத்திருந்தால், முன்னால் போவது நிலையத்துச் சுவரில் உரசி நின்றதும் பின்னால் வருபவை அதன் மேல் ஏறும். பாம்பனில் முன்படகு இயந்திரம் நின்றால் பின்னால் இருப்பவர்கள் படும் பாடுதான் இங்கேயும். பாம்பன் புதுப் பாலத்தின் தூக்கு இடைவெளி 72.5 மீட்டர். உங்கள் வாசலுக்கு அந்தக் கணக்கை எடுக்காதீர்கள். கப்பல் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்காவது விடுங்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் பெரிய கப்பல் வளைவை அகலமாகத்தான் எடுக்கும். வாசலுக்கு வெகு முன்னாலேயே ஒரு பாதைப்புள்ளி வைத்துக் கப்பலை நேராக்கிவிட்டு உள்ளே அனுப்புங்கள். வருகையிலும் ஒவ்வொன்றுக்கும் இடையில் நேரம் விடுங்கள்.

சரிசெய்தபின் வேண்டுமென்றே மூன்றாவது கப்பலைச் சாக விட்டு ஆடுங்கள். பிறகு ஆறையும் சாக விடுங்கள். இரண்டிலும் மிஷன் முடிய வேண்டும், மிஷன் முடிந்ததும் வரும் இறுதி உரையும் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறும் போன பிறகு "கான்வாய் பத்திரம், வாழ்த்துகள்" என்று வந்தால் அதுவும் பக் (பிழை)தான். இழப்பு இல்லை, 1 முதல் 2, 3 முதல் 5, எல்லாம் போனது என நான்கு உரை வேண்டும். நிபந்தனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு உரையும் சேர்ந்தே வரும்.

கீழக்கரை: காக்கா, என் மிஷனை ஒருத்தர் ரொம்ப கஷ்டம்ங்கிறார், இன்னொருத்தர் சப்புன்னு இருக்குங்கிறார். யாரை நம்புறது?

இருவரிடமும் எந்த நிலையில் ஆடினார்கள் என்று முதலில் கேளுங்கள். வெரி ஈஸி, ஈஸி, மீடியம், ஹார்ட், இன்சேன் என்று ஐந்து இருக்கின்றன. அடுத்து, எதனால் செத்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் செத்தால் அது கஷ்டமான மிஷன், அவ்வளவுதான். ஒரே இடத்தில், எங்கிருந்து அடி வந்தது என்றே தெரியாமல் மூன்று தடவை செத்தால் அது மிஷனின் குறை.

காக்க வேண்டிய கப்பலின் உடல் சதவீதத்தை ஒவ்வொரு அலை (எதிரிக் கூட்டம் வரும் ஒவ்வொரு சுற்று) முடிவிலும் எழுதிவரச் சொல்லுங்கள். 100, 92, 88, பிறகு திடீரென 15 என்றால் நான்காவது அலைதான் திருத்த வேண்டியது. பெரும்பாலும் அலை வரம்பு எண்ணில் தவறு இருக்கும். 4 விமானப் பிரிவுக்கு வரம்பு 0 என்றால் நான்கும் போன பிறகே அடுத்த அலை. வரம்பு 2 என்றால் இரண்டு மிச்சம் இருக்கும்போதே அடுத்த நான்கு வந்துவிடும். குண்டுவீச்சு விமானங்களுக்கு இதை உயர்த்தினால் ஆட்டக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

கதைக்காக ஒரு கப்பல் சாகக் கூடாது என்று, அதை அழியவிடாத கார்டியன் என்ற அமைப்பைப் போட்டிருந்தால், அது 1 சதவீதத்திலேயே தொங்கி நிற்கும். அடித்துக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். அதற்கு முன்பே கப்பலைத் தாவிப் போக விடுவது நல்லது.

தொண்டி: சண்டை நடுவுல வர்ற முக்கியமான செய்தி சில தடவை வருது, சில தடவை வரலை.

செய்தி அனுப்பும் கப்பல் செத்திருக்கும். குறிப்பிட்ட கப்பல் பெயரில் அனுப்பும் செய்தி, அந்தக் கப்பல் அழிந்தாலோ போய்விட்டாலோ வராது. ஆட்டத்தை நகர்த்தும் செய்திகளைத் தலைமையகத்திலிருந்தே, பெயருக்கு முன்னால் ஹாஷ் (#) குறி போட்டு, அனுப்புங்கள். குரல் பதிவு இல்லாத மிஷன் என்றால் இரண்டு வரிச் செய்திக்கு 6 விநாடியாவது விடுங்கள். சுட்டுக்கொண்டிருப்பவர் அதையும் தவறவிடுவார் என்பதால், கட்டளையை இடப்பக்கக் குறிக்கோள் பட்டியலிலும் காட்டுங்கள்.

தேவிபட்டினம்: ஆரம்பத்துல 4 நிமிஷம் வெறும் பேச்சுதான். கதைக்கு அது தேவைங்க அண்ணா.

முதல் தடவைக்குத் தேவைதான். ஆனால் இந்த விளையாட்டில் மிஷன் நடுவே சேமிக்க முடியாது. ஐந்து தடவை தோற்றவர் அதே பேச்சை 20 நிமிடம் கேட்கிறார். ஷிஃப்ட்டுடன் முற்றுப்புள்ளி விசையை அழுத்தி நேரத்தை வேகமாக்கலாம், ஆனாலும் சலிப்புத்தான். பேச்சில் பாதியை பிரீஃபிங்குக்கு (மிஷனுக்கு முன் வரும் விளக்க உரைக்கு) மாற்றிவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் ஏதாவது நடக்க வையுங்கள்.

ஏர்வாடி: என் பழைய லேப்டாப்ல திணறுது. அதைக் குறையா எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் எந்த நொடியில், திரையில் எத்தனை கப்பல் இருந்தபோது என்று சேர்த்து எழுதுங்கள். விண்கல் கூட்டத்தைக் குறைத்தாலே பல மிஷன்கள் தேறிவிடும். பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பில் ஒரு தடவை ஓட்டி, நடந்ததைப் பதியும் லாக் கோப்பையும் அனுப்பிவிடுங்கள்.

ராமேஸ்வரம்: பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடலாமா?

வேண்டாம். 6 மார்க்கை வைத்துக்கொண்டு செய்தவரால் எதைத் திருத்த முடியும்? உடைந்தவை, சமநிலை, ரசனை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ரசனையைக் கடைசியில் வையுங்கள், "எனக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறையும் இப்படி இருக்கட்டும்: "மீடியம். 7 நிமிடம் 40 விநாடி. மூன்றாவது சரக்குக் கப்பல் அழிந்தது. நான்காவது வாசலில் நின்றுவிட்டது. 5 நிமிடம் காத்திருந்தேன், செய்தி எதுவும் வரவில்லை." இதைப் படித்ததும் எந்த நிகழ்வைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பிடித்ததையும் இதே நுணுக்கத்தோடு எழுதுங்கள். எது நன்றாக இருந்தது என்று தெரியாவிட்டால், அடுத்த திருத்தத்தில் அதையே அவர் வெட்டிவிடக்கூடும்.

ராமநாதபுரம்: திருத்தின மிஷனை மறுபடி முழுசா ஆடணுமா?

ஆமாம், முதலிலிருந்து. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யச் சொல்லுங்கள். அலை வரம்பையும் ஆயுதத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மறுசோதனைக்கு இதுவரை ஆடாத ஒருவரைப் பிடியுங்கள், உங்களுக்குத்தான் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதே.