கோச்சை மாற்றினால் ஜெயித்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணி நாலு ஆட்டம் தோற்றாலே ரசிகர்கள் "கோச்சைத் தூக்கு" என்று கிளம்பிவிடுகிறார்களே, சரியா?

பதில்: கோபம் நியாயம்தான், கணக்குதான் இடிக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். சும்மா இருப்பதற்குச் சம்பளம்! (நமக்கு யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.) நெப்ராஸ்கா இன்னும் மோசம்: 2003-ல் 9 வெற்றி, 3 தோல்வியோடு நின்ற ஃபிராங்க் சோலிச்சைப் போதாது என்று வெளியே அனுப்பினார்கள், அடுத்த வருஷமே 5 வெற்றி, 6 தோல்வி, அப்புறம் 2014-ல் அதே 9-3 கணக்கில் போ பெலினியையும் அனுப்பினார்கள், அந்த அணி இன்றுவரை பழைய உயரத்தைத் தொடவில்லை.

கேள்வி: அப்படியானால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: அதுவும் இல்லை. அலபாமா 2006-ல் மைக் ஷூலாவை நீக்கியதால்தான் நிக் சேபன் வந்தார், அங்கே 6 தேசியப் பட்டங்கள் வென்றார். ஆனால் வர்ஜீனியா டெக், 1992-ல் இரண்டே வெற்றி பெற்ற ஃபிராங்க் பீமரை நீக்காமல் வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் 9 வெற்றி, 1999 பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம். என்னைக் கேட்டால், வரப்போகிறவர் யார் என்று சொல்லத் தெரியாதவர்கள் இருப்பவரைத் துரத்தக் கூடாது. கோச் போனால் நல்ல ஆட்டக்காரர்களும் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள், அதை இந்த ரசிகர்கள் யோசிப்பதே இல்லை.