தலையணை உறைக்குப் போகும் மஞ்சள்

கேள்வி: முழங்கை மடிப்பில் எக்ஸிமா. அரிப்பு தாங்காமல் மஞ்சளை அரைத்துப் பூசினால் தலையணை உறைதான் மஞ்சளாகிறது. கடையில் 'நானோ குர்குமின் ஜெல்' பார்த்தேன். நிஜமாகவே உள்ளே போகுமா, விலையை ஏற்றச் சொல்லும் பேரா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: இரண்டும் உண்டு அம்மா.

மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கும் சரக்கு குர்குமின். தோலில் நுழைய மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும் என்பார்கள், குர்குமினுக்கு 368தான். ஆக, அளவு தடையில்லை. அது தண்ணீரில் கரையாது, அதுதான் வம்பு. மேல்தோலின் செத்த அடுக்கில் உள்ள கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே ஈரப்பசையான உயிருள்ள தோலுக்குள் இறங்க மறுக்கும். பார்மசி கல்லூரி ஆய்வகத்தில் பன்றிக் காதுத் தோலில் வெறும் பசையைத் தடவி, மறுநாள் செலோடேப்பை ஒட்டி உரித்துக் காட்டுவேன். மஞ்சள் பெரும்பாலும் டேப்போடு வந்துவிடும். உங்கள் தலையணை உறைக் கதையேதான்.

இதற்காகத்தான் சரக்கைச் சுமந்து உள்ளே கொண்டுபோகும் ஊர்தி. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கிறார்களே, அதுவும் ஒரு ஊர்திதான். நானோவில் சோயா லெசித்தின் என்ற கொழுப்பால் ஆன நுண்ணிய குமிழிக்குள் சரக்கை அடைக்கிறார்கள். லிப்போசோம் எனப்படும் இந்தக் குமிழியை 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் கண்டறிந்தார். ஆனால் சாதாரண லிப்போசோம் பெரும்பாலும் மேலடுக்கிலேயே நின்றுவிடும். பிறகு கிரிகோர் செவ்க் குமிழியை நெகிழ வைத்தார்; பொந்தில் எலி நுழைவதுபோல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகும். ஜெருசலேமில் எல்கா டூயிட்டூ ஆல்கஹாலைச் சேர்த்து எத்தோசோம் செய்தார். ஆல்கஹால் தோலின் கொழுப்பையும் குமிழியையும் ஒருசேர இளக்கும்.

உங்களுக்கு அங்கேதான் சிக்கல். எத்தோசோமில் ஆல்கஹால் 20 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். வெடித்த எக்ஸிமாவில் பட்டால் எரிச்சலில் குதித்துவிடுவீர்கள். போதாக்குறைக்கு, எக்ஸிமாத் தோலின் தடுப்பு ஏற்கெனவே பலவீனம். வேண்டாததும் உள்ளே போகும். ஆய்வகத் தோலைத் தாண்டியது என்பதற்காக அரிப்பு அடங்கும் என்றும் எழுதிக்கொடுக்க முடியாது.

வாங்குவதானால் லேபிளில் ஆல்கஹால் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அளவில் அதிகமானதுதான் வழக்கமாக முதலில் வரும். குர்குமின் எவ்வளவு என்று போடாமல் 'நானோ' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் வேண்டாம். உள்ளே தெரிகிற கண்ணாடி டியூபும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும். நீர் வடிகிற இடத்தில் ஜெல்லும் பூசாதீர்கள், மஞ்சளும் பூசாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.