ஆக்சிமீட்டரில் 98 காட்டியும் அப்பா மயங்கியது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பல வருடங்கள் பீடி பிடித்தவர். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி, வீட்டில் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் தரச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் சளி பிடித்து, இரவில் மூச்சுத்திணறல் அதிகமானது. ஆக்சிமீட்டரில் 83. பயந்துபோய் 5 லிட்டராகக் கூட்டினோம், 98-க்கு ஏறியது. அப்பாவும் அமைதியாகத் தூங்கினார். விடியற்காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு, முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கைக் கட்டினார்கள். மூச்சு முட்டுகிறவருக்கு ஆக்சிஜனைக் குறைப்பார்களா? இன்னொரு முறை வந்தால் நாங்கள் என்ன செய்வது?

பதில்: குறைப்பார்கள். உங்கள் அப்பாவுக்குக் குறைத்ததுதான் சரி.

ஆக்சிமீட்டர் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும். கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதை அறிய மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் 98-ஐப் பார்த்து நிம்மதியடைந்த நேரத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அமைதியான தூக்கம் பெரும்பாலும் அதன் மயக்கம்தான்.

காரணம் இதுதான். சிஓபிடியில் காற்று சரியாகப் போய்வராத பகுதிகளுக்கு நுரையீரலே இரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிட்டு, நன்றாக இயங்கும் பகுதிகளுக்குத் திருப்பிவிடுகிறது. ஆக்சிஜனைத் தேவைக்கு மேல் கொடுத்தால் இந்த ஏற்பாடு கலைகிறது. கெட்டுப்போன பகுதிகளுக்கும் இரத்தம் பாய்ந்து, கரியமில வாயுவை இறக்காமலேயே திரும்புகிறது. போதாததற்கு, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் தான் சுமந்த கரியமில வாயுவையும் விட்டுவிடுகிறது. மூச்சுவிடும் உந்துதலே நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு.

எனவே சிஓபிடி உள்ள இவர்களுக்கு ஆக்சிமீட்டரில் இலக்கு 88 முதல் 92 வரை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சிஓபிடியாக இருக்கலாம் என்று கருதி ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. இந்த அளவுக்குள் ஆக்சிஜன் பெற்றவர்களில் 4 சதவீதம் பேர் இறந்தார்கள். தாராளமாகப் பெற்றவர்களில் 9 சதவீதம். சிஓபிடி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 2-க்கு 9.

இதைப் படித்துவிட்டு ஆக்சிஜனைக் கண்டு பயப்படாதீர்கள். 83 என்பதும் ஆபத்துதான். கூட்டியது தப்பில்லை, கூட்டிய அளவுதான் அதிகம். 2-ஐ 3 ஆக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். 88 வந்தால் அதற்கு மேல் கூட்டாதீர்கள், அதே அளவில் ஓடட்டும். 92-ஐத் தாண்டினால் சிறிது சிறிதாகக் குறையுங்கள்; சட்டென்று கழற்றிவிடக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும்.

அடுத்து இன்ஹேலர். நம் ஊரில் பலரிடம் இருப்பது ரோட்டாகேப், அதாவது பொடி மருந்து அடைத்த கேப்ஸ்யூல். அந்தப் பொடி உள்ளே போக வேகமாக இழுக்க வேண்டும். திணறுகிறவரால் அது முடியாது, பாதி மருந்து கருவியிலேயே தங்கிவிடும். அவசரத்துக்கென்று மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் பஃப்பும், அதற்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் வாங்கி வையுங்கள். ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக நான்கைந்து மூச்சு, பிறகு அடுத்தது. இப்படி 4 முதல் 8 பஃப் வரை. நெபுலைசர் (மருந்தை ஆவி போலாக்கும் கருவி) இருந்தால் காற்றில் ஓடும் சாதாரண கம்ப்ரஸரில் போடுங்கள். ஆக்சிஜன் மூக்குக்குழாயில் தனியாக ஓடட்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் நெபுலைசரை இணைத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டருக்கும் மேல் போய்விடும். அப்பாவைப் படுக்க வைக்காதீர்கள். மேசையில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காரட்டும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளிவிடட்டும். தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை கொடுப்பது மிக மோசமான உதவி.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், உளறினால், தூங்கி வழிந்தால், பஃப் அடித்தும் 88-க்குக் கீழேயே நின்றால் 108-ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். திடீரென ஒரு பக்க நெஞ்சு வலியுடன் மூச்சு முட்டினால் நுரையீரல் உறையில் காற்று புகுந்திருக்கலாம். அதற்கு சிகிச்சையே வேறு. தெருமுனை கிளினிக்கில் ஒரு டெரிஃபிலின் ஊசி போட்டுக்கொண்டு வருவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பலன் சொற்பம், படபடப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்; இன்றைய வழிகாட்டல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவமனையில் சால்பூட்டமாலும், அதுபோல மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியமும் நெபுலைசரில் தருவார்கள். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் தினம் 40 மில்லிகிராம், பெரும்பாலும் 5 நாட்கள். விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே போதும், ஊசிதான் வேண்டுமென்று கேட்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்லை. சளி பழுத்து மஞ்சள், பச்சை நிறமாகி, அளவும் கூடியிருந்தால் தேவை. இறுக்கமான அந்த மாஸ்க் பைபேப், காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் கருவி. கரியமில வாயு ஏறி இரத்தம் அமிலமாகி, அதைக் காட்டும் பிஹெச் அளவு 7.35-க்குக் கீழே இறங்கும்போது அதை வைப்பார்கள். மூச்சுத் தசைகளின் வேலையைப் பகிர்ந்துகொண்டு, தொண்டையில் குழாய் போடும் நிலையைப் பலருக்குத் தவிர்க்கிறது. முகத்தை அழுத்துகிறது என்று அப்பா கழற்றப் பார்ப்பார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை கரியமில வாயு ஏறியவருக்கு மறுபடியும் ஏற வாய்ப்பு அதிகம். “சிஓபிடி, கரியமில வாயு தேங்கியது, பைபேப் தேவைப்பட்டது, இலக்கு 88–92” என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு நகலைக் கான்சன்ட்ரேட்டரில் ஒட்டுங்கள், இன்னொன்றை அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். 108 ஊழியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். எத்தனை லிட்டர் வரை நீங்களே கூட்டலாம் என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.