முதலில் நீங்கள் எழுதுங்கள்: ரேடியாலஜி எம்.டி. கேள்வி–பதில்

கேள்வி: மகளுக்கு ரேடியாலஜி எம்.டி. சீட் கிடைத்திருக்கிறது. மூன்று வருடமும் கதிர்வீச்சிலேயே இருக்க வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், சேலம்)

பதில்: அப்படி இல்லை, அம்மா. பெரும்பகுதி நேரம் அல்ட்ராசவுண்ட் அறையிலும் ரிப்போர்ட் எழுதும் கணினி முன்னாலும்தான் போகும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிரே கிடையாது. கவனம் வேண்டியது, எக்ஸ்ரேயை ஓடும் படமாகப் பார்க்கும் ஃப்ளூரோஸ்கோப்பி அறையில். அங்கேதான் நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டிவரும். ஈய ஏப்ரன், தைராய்டு காலர் இரண்டும் கட்டாயம். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், தொங்கவிட வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மார்பில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். அதைக் கழற்றி எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால், அவர் உடலில் படாத கதிர்வீச்சும் அவர் கணக்கில் ஏறும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

கேள்வி: மார்பு எக்ஸ்ரேயில் சார் விரல் வைத்துக் காட்டினால் உடனே தெரிகிறது. தனியாகப் பார்த்தால் எல்லாம் நார்மலாகத் தோன்றுகிறது. கண் எப்போது பழகும்? (முதலாண்டு பி.ஜி. மாணவர், மதுரை)

பதில்: காட்டிய பிறகு எல்லோருக்கும் தெரியும், நோயாளியின் உறவினருக்குக்கூட. நீங்கள் பழக வேண்டியது தேடுவதற்கு.

பெயர், தேதி, இடது–வலது குறி சரியா என்று பாருங்கள். காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் நடு முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார். அப்போது ஒரு பக்க நுரையீரல் கூடுதல் கறுப்பாகத் தெரிவது நோயாக இல்லாமலும் இருக்கலாம். அதன்பின் தினமும் ஒரே வரிசை: மூச்சுக்குழாய், இதயம், ஹைலம் (நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் இடம்), இரு நுரையீரலையும் மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, உதரவிதானம், எலும்புகள். கடைசியாக, ஒளிந்துகொள்ளும் இடங்களை இன்னொரு முறை பாருங்கள்: காறை எலும்புக்குப் பின்னுள்ள நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதான வளைவுக்குக் கீழே. இடது நுரையீரலின் கீழ் மடல் சுருங்கியிருந்தால் இதய நிழலுக்குள் ஒரு முக்கோணம்தான் தெரியும்; கூடவே இடது உதரவிதானக் கோட்டின் உள்பாதி மறைந்திருக்கும். அந்தக் கோட்டைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் ஒழிய அது அகப்படாது.

ஒரு நிமோனியா கண்ணில் பட்டதும் தேடல் நின்றுவிடும். அதே படத்தில் அரித்துப்போன விலா எலும்பு தப்புவது அப்போதுதான். ஒன்று கிடைத்தாலும் வரிசையை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சார் வருமுன் உங்கள் ரிப்போர்ட்டை எழுதிச் சேமித்துவிடுவது. ‘ஏதோ இருக்கிற மாதிரி’ என்பதெல்லாம் ஆகாது. எங்கே, எத்தனை சென்டிமீட்டர், உங்கள் முதல் சந்தேகம் எது என்று எழுதுங்கள். அவர் திருத்தியதை ஒரு நோட்டில் இரண்டாகப் பிரித்துக் குறியுங்கள்: கண்ணிலேயே படாதது, பட்டும் நார்மல் என்று ஒதுக்கியது. முதலாவது கூடினால் தேடும் வரிசையில் ஓட்டை இருக்கிறது. இரண்டாவது கூடினால் நார்மல் படங்களை நிறையப் பாருங்கள். அரிய நோய்ப் படங்களைத் தேடி ஓடுகிற பி.ஜி.க்கள் பலர் இந்த நார்மலில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: இரவு டூட்டியில் தலைக்காய சி.டி. ஒன்றை நார்மல் என்று கொடுத்தேன். காலையில் கன்சல்டன்ட் மெல்லிய சப்டூரல் ரத்தக்கட்டு (மூளையுறைக்கு அடியில் தேங்கிய ரத்தம்) இருப்பதாகச் சொன்னார். எப்படித் தவறியிருக்கும்? (இரண்டாமாண்டு பி.ஜி., கோவை)

பதில்: மூளைத் திசு தெளிவாகத் தெரிவதற்கான கறுப்பு–வெள்ளை அமைப்பான பிரெய்ன் விண்டோவில் மட்டும் பார்த்திருப்பீர்கள். அகலம் 80, மையம் 40 என்ற அந்த அமைப்பில் மண்டையோடும் வெள்ளை, புது ரத்தமும் வெள்ளை. எலும்பை ஒட்டிய மெல்லிய பட்டை எலும்போடு கலந்துவிடும். அகலத்தை 200 அளவுக்குக் கூட்டி, மையத்தை 80 பக்கம் கொண்டுபோனால் இரண்டும் பிரியும். தலையை முன்–பின்னாகப் பிரித்துக் காட்டும் கொரோனல் வெட்டுகளையும் போட்டுப் பாருங்கள். மண்டை உச்சியிலும், சிறுமூளைக்கு மேலுள்ள உறைத் தடுப்பான டென்டோரியத்தின் மேலும் படிந்த ரத்தம் குறுக்குவெட்டில் எளிதில் ஏமாற்றும். அடிபட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து வருபவரிடம் ரத்தக்கட்டு மூளையின் நிறத்துக்கே வந்திருக்கக்கூடும். மூளையின் மடிப்புகள் மண்டையோடு வரை எட்டாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

தவறு தெரிந்த நிமிடமே, சிகிச்சை தரும் டாக்டரிடம் நேரடியாகப் பேச வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது ரிப்போர்ட்டில் இருக்கட்டும். பழையதை அழிக்காதீர்கள், திருத்தத்தைக் கூடுதல் குறிப்பாகச் சேருங்கள்.

கேள்வி: பி.ஜி.க்கள் எழுதியதைத் திருத்திக் கையெழுத்துப் போடவே நேரம் போதவில்லை. எப்போது கற்பிப்பது? (உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் செய்த திருத்தம் பி.ஜி.யின் கண்ணில் படாமல் போனால் அந்த உழைப்பில் பாதி வீண். அவர் எழுதியதையும் நீங்கள் முடித்ததையும் அருகருகே வைத்துத் தர ஏற்பாடு செய்யுங்கள். அறுவைசிகிச்சை, பயாப்ஸி முடிவுகளை வாங்கிவந்து படத்தோடு ஒப்பிடும் பொறுப்பை அவரிடமே விடலாம்.

மூன்றாம் பருவம் (செமஸ்டர்) முதல் ஐந்தாம் பருவத்துக்குள் மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி வரும். அங்கே பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கர்ப்பிணி ஸ்கேனைத் தனியாகச் செய்யவும், அந்த ஸ்கேனுக்கான படிவம் எஃப்-ஐ ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பவும் அதற்கு முன்பே பழக்கிவிடுங்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி அந்தப் படிவத்தில் விடுபடுவதே விதிமீறல்.