கிராமத்துக் குடிநீரை இலவசமாகக் கொடுக்காமல் ஏன் விற்கிறார்கள்?

நியாயமான கேள்வி. கானா நாட்டின் வடபகுதியை வைத்துச் சொல்கிறேன். அங்கே பல ஊர்களில் குட்டைதான் குடிநீர். மாடும் அதிலேதான் இறங்கும். 2008-இல் தொடங்கிய 'சஹா குளோபல்' என்ற அமைப்பு, ஊர்ப் பெண்களையே சுத்திகரிப்பு நிலையத்தின் முதலாளிகளாக்குகிறது.

வேலை எளிது. செம்மண் நிறக் குட்டைத் தண்ணீரை டிரம்களில் நிரப்பி, படிகாரக் கட்டியைக் கையில் பிடித்துச் சுழற்றுவார்கள். நம் பாட்டிமார் செய்த அதே வைத்தியம்! கலங்கல் அடியில் படிந்ததும் தெளிந்த நீரைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, குளோரின் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு மூடியிட்ட, குழாய் வைத்த பாத்திரமும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி; சுத்தமான தண்ணீரும் கைவிட்டு மொண்டால் கெட்டுவிடும்.

விலை மிகச் சொற்பம். அந்தச் சில்லறையில்தான் அடுத்த படிகாரமும் குளோரினும் வாங்குகிறார்கள், அந்தப் பெண்களின் கூலியும் அதிலிருந்தே. இலவசமாகப் போட்ட எத்தனையோ அடிபம்புகள், ஒரு வாஷர் மாற்றக் காசில்லாமல் துருப்பிடித்து நிற்கின்றன. பணமே இல்லாத வீட்டுக்கு என்ன வழி என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர்களுக்கு அரசுதான் கொடுக்க வேண்டும்.